டண்டீ: சணலால் எழுந்த நகரம், பெண்களால் நின்ற நகரம்

நியாயவிலைக் கடையிலும் நெல் கொள்முதல் நிலையத்திலும் அடுக்கப்பட்டிருக்கும் கோணிப்பைகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் அரிசியின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற நாம், அதைச் சுமந்து நிற்கும் சாக்கைப் பற்றி எண்ணுவதில்லை. இந்தியாவில் இன்று அந்தச் சாக்கு பெரும்பாலும் வங்கத்தின் ஹூக்ளி நதிக்கரை ஆலைகளில் நெய்யப்படுகிறது. ஆனால், 150 ஆண்டுகளுக்கு முன்பு உலகச் சணல் ஆலைத் தொழிலின் தலைநகராக விளங்கியது, ஒரு சணல் செடிகூட முளைக்காத ஓர் ஊர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், டே நதி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ள டண்டீ நகரம்தான் அது.

ஸ்காட்லாந்து என்றதும் மலைக்கோட்டைகளும் மன்னர்களும் போர்க்களங்களும்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்நாட்டின் சிறு நகரங்களில் உழைத்து வாழ்ந்த எளிய மக்களின் வரலாறு அந்த அளவுக்கு வெளியே தெரிவதில்லை. டண்டீயின் வரலாறு அத்தகையது. அதை ஆராய்ந்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். ஒன்று, ஒரு நகரத்தின் செல்வத்தை உருவாக்கியவர்கள் வேறு, அச்செல்வத்துக்குப் பெயர் பெற்றவர்கள் வேறு. மற்றொன்று, மலிவான உழைப்பைத் தேடி ஓர் ஊருக்கு வரும் தொழில், அதைவிட மலிவான உழைப்பு கிடைக்குமிடத்துக்கு ஒருநாள் போயே தீரும்.

வங்கத்து நார், வடகடல் எண்ணெய்

சணல் வருவதற்கு முன்பே டண்டீ ஒரு நெசவு நகரமாக இருந்தது. பால்டிக் கடல் வழியாக ரஷியாவிலிருந்து ஆளி நாரை இறக்குமதி செய்து, முரட்டு லினன் துணி நெய்து, பாய்மரத்துக்கும் மூட்டை கட்டவும் விற்றுவந்தது. கிழக்கிந்திய கம்பெனி வங்கத்துச் சணலைப் பிரிட்டனுக்கு அனுப்பிப் பார்த்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. நார் மலிவுதான். ஆனால், விறைப்பான, எளிதில் முறிந்துபோகும் அந்த நாரை இயந்திரத்தில் இட்டு நூற்க முடியவில்லை.

அதற்கு வழி கண்ட ஊர் டண்டீ. சணல் நாரின் மீது எண்ணெயும் நீரும் தெளித்து ஊறவைத்தால் அது இளகி, நூற்கும் பதத்துக்கு வருகிறது. அந்த எண்ணெய் திமிங்கிலத்திலிருந்து வடித்தது. டண்டீ துறைமுகத்திலிருந்து ஆர்க்டிக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் சென்றுவந்ததால் அந்த எண்ணெய் அங்கே தாராளமாகக் கிடைத்தது. 1830-களில் இயந்திரத்தில் சணல் நூற்பது கைகூடியது. 1838-இல், கிழக்கிந்தியத் தீவுகளில் விளைந்த காபிக் கொட்டைக்குச் சணல் பைகள் வேண்டுமென டச்சு அரசு கேட்டபோது தொழில் உறுதிப்பட்டது. வங்கத்து உழவர் விளைவித்த நாரும், வடதுருவக் கடலில் பிடித்த திமிங்கிலத்தின் எண்ணெயும், ஸ்காட்லாந்து நெசவாளரின் பழகிய கையும் ஓரிடத்தில் கூடியதால் பிறந்த தொழில் இது.

அதை வளர்த்தவை போர்கள். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் ரஷிய ஆளி நார் வருவது தடைப்பட்டபோது, ஆலைகள் சணலுக்கு மாறின. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கூடாரத்துக்கும் வண்டிக் கூரைக்கும் சாக்குக்கும் தேவை பெருகியது. ஆஸ்திரேலிய ஆட்டுரோமம், அமெரிக்கப் பருத்தி, பிரேசில் காபி என உலக வணிகத்தில் கைமாறிய சரக்குகளுக்கெல்லாம் சாக்கு வேண்டியிருந்தது. தரைவிரிப்பான லினோலியத்தின் அடித்துணியும் சணல்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கும் குறைவாக வாழ்ந்த ஊரில், 1901-இல் ஏறத்தாழ 1,60,000 பேர் வாழ்ந்தனர்.

நகரின் புறத்தே லாக்கீ என்னும் பகுதியில் காக்ஸ் சகோதரர்கள் நிறுவிய கேம்பர்டவுன் ஆலை, உலகின் மிகப் பெரிய சணல் ஆலையாகக் கருதப்பட்டது. அதன் உச்ச காலத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே பணியாற்றினர். 1860-களில் எழுப்பப்பட்ட அதன் புகைபோக்கி 282 அடி உயரமுடையது. அது இன்றும் நிற்கிறது. அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஏழைக் குடும்பங்கள் லாக்கீயில் திரண்டு குடியேறியதால், அப்பகுதிக்குக் குட்டி டிப்பெரேரி என்றே பெயர் வந்தது. டிப்பெரேரி அயர்லாந்தின் ஒரு மாவட்டம்.

பெண்களின் ஊர்

டண்டீயைப் பிரிட்டனின் ஏனைய தொழில் நகரங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது ஒன்றுண்டு. சுரங்க ஊர்களிலும் கப்பல் கட்டும் ஊர்களிலும் ஆண் சம்பாதித்தான், பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். டண்டீயில் நிலைமை தலைகீழ். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சணல் ஆலைத் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்களும் சிறுமியரும் சிறுவருமே. வயதுவந்த ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை நகரில் கணிசமாக மிகுந்திருந்தது. அதனால் டண்டீயை ‘பெண்களின் ஊர்’ என்றே அழைத்தனர்.

இது பெண்ணுரிமையின் பால் ஆலை முதலாளிகளுக்கு இருந்த பற்றினால் நேர்ந்ததன்று. பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதே காரணம். வங்கத்திலிருந்து நாரை வரவழைத்துச் சாக்காக்கி விற்கும் தொழிலில் ஆதாயம் கூலியைக் குறைப்பதில்தான் இருந்தது. சிறுவர்களையும் ஆலையில் சேர்த்துக்கொண்டனர். ஆனால், 18 வயதாகி முழு ஆணின் கூலியைக் கேட்கும் நிலைக்கு வந்ததும், அவர்களில் பலரை வேலையைவிட்டு நீக்கினர். நீக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஊரில் வேறு வேலை அரிது. பட்டாளத்தில் சேருவதே பலருக்குக் கிடைத்த வழி. 1915 செப்டம்பர் 25 அன்று பிரான்ஸின் லூஸ் களத்தில், டண்டீ இளைஞர்கள் நிறைந்த ‘பிளாக் வாட்ச்’ நான்காம் பட்டாலியன் பேரிழப்பைச் சந்தித்தது. நகரின் நடுவே உள்ள லா குன்றின் நினைவுத்தூணில் ஆண்டுதோறும் அந்த நாளில் விளக்கேற்றப்படுகிறது.

வேலையின்றி வீட்டிலிருந்த ஆண்களுக்கு ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. வட்டார வழக்கில் அதற்கு ‘கெட்டிலில் வெந்நீர் கொதிக்க வைப்பவன்’ என்று பொருள். மனைவி ஆலையிலிருந்து திரும்பும் நேரத்துக்குத் தேநீருக்கு வெந்நீர் வைத்துக் காத்திருப்பவன் என்ற கேலி அது. கேலிக்குப் பின்னே கசப்பும் இருந்தது. சமையலும் குழந்தை வளர்ப்பும் ஆண்களின் பொறுப்பாக முழுமையாக மாறிவிடவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு ஆலை வேலையோடு வீட்டு வேலையும் சேர்ந்தே இருந்தது.

ஆலைக்குள்ளேயும் படிநிலைகள் இருந்தன. நூற்பாலையில் பணிபுரிந்த பெண்கள் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு சென்றனர். தறிக்கூடத்தில் பணிபுரிந்த நெசவுப் பெண்கள் தொப்பியும் கையுறையும் அணிந்து சென்றனர். நெய்த துணியின் அளவுக்கேற்பக் கூலி பெற்ற நெசவாளர்கள் தங்களை ஒரு படி மேலானவர்களாகக் கருதினர். ஒரே தெருவில் வாழ்ந்தாலும் இரு சாராரும் ஒன்றாக நடந்து செல்வது அரிதாம். உழைப்பவருக்குள்ளேயே உயர்வு தாழ்வு எவ்வளவு எளிதாக முளைத்துவிடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. எனவே, இப்பெண்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் கொண்டு தங்களுக்கென ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டனர். ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்தவர்களுக்குச் செவித்திறன் குன்றியது. காற்றில் மிதந்த சணல் தூசி மூச்சுக்குழலை அரித்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு வரும் காய்ச்சலுக்கு ‘ஆலைக் காய்ச்சல்’ என்றே பெயர். பாதுகாப்பு மூடி இல்லாத பட்டைகளிலும் பற்சக்கரங்களிலும் சிக்கி விரல்களை இழந்தவர்களும் உண்டு.

பாதி நாள் பள்ளி, பாதி நாள் ஆலை

குழந்தைகளின் நிலை இன்னும் வேதனையானது. பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, குழந்தைகள் பாதி நேரம் ஆலையிலும் பாதி நேரம் பள்ளியிலும் இருக்கலாம். 1844-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 8 வயதை எல்லையாக வைத்தது. 1874-இல் அது 10 ஆகவும், 1891-இல் 11 ஆகவும், 1901-இல் 12 ஆகவும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. நூல் நிறைந்த கண்டுகளை எடுத்துவிட்டு வெறும் கண்டுகளை மாட்டுவது சிறு கைகளுக்கு ஏற்ற வேலை எனக் கருதப்பட்டது. அரைநாள் அந்த வேலையைச் செய்துவிட்டு வகுப்பறைக்கு வரும் குழந்தையால் தூங்காமல் எப்படிப் பாடம் கேட்க முடியும்? இருந்தும், அக்குழந்தையின் சிறு கூலி இல்லாமல் வீட்டு வாடகை கட்ட முடியாத குடும்பங்கள் பல இருந்தன.

இப்படி வளர்ந்தவர்களுள் ஒருவர் மேரி ஸ்லெசர். 1848-இல் பிறந்த இவர், 11 வயதில் பாக்ஸ்டர் சகோதரர்களின் லினன் ஆலையில் அரைநேரத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பின்னாளில் சமய ஊழியராக ஆப்பிரிக்காவின் கலபார் பகுதிக்குச் சென்றார். இரட்டைக் குழந்தைகளைத் தீய சகுனமாகக் கருதிக் கைவிடும் வழக்கத்தை எதிர்த்து, அத்தகைய குழந்தைகளை எடுத்து வளர்த்தார். ஸ்காட்லாந்து வங்கி ஒன்று வெளியிட்ட பத்து பவுண்டு நோட்டில் பின்னர் இவரது உருவம் இடம்பெற்றது. தப்பித்து வந்தவரின் கதையைத்தான் நாம் எளிதில் நினைவில் வைக்கிறோம். ஆலையிலேயே தேய்ந்து மறைந்த ஆயிரக்கணக்கான சிறுமியருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

இந்நிலையை ஆதாரத்தோடு உலகின் கண்முன் நிறுத்தியவர்கள் இரண்டு பெண்கள். மேரி லிலி வாக்கர், மோனா வில்சன் ஆகியோர் டண்டீ சமூக ஒன்றியம் என்ற அமைப்புக்காக வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டினர். நகரின் குடியிருப்பு, தொழில் நிலைமை, பள்ளிக் குழந்தைகளின் உடல்நலம் ஆகியவற்றைப் பற்றிய அவர்களது அறிக்கை 1905-இல் வெளியானது. ஓரிரு அறைகளுக்குள் அடைந்து வாழ்ந்த குடும்பங்கள், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத குழந்தைகள், பிரசவித்த சில வாரங்களிலேயே ஆலைக்குத் திரும்பும் தாய்மார்கள் என நகரின் மறுபக்கத்தை அது பதிவுசெய்தது. பச்சிளம் குழந்தைகளின் இறப்பு மிகுந்திருந்த ஸ்காட்லாந்து நகரங்களுள் டண்டீயும் ஒன்று.

தாய்மார்களின் அக்கறையின்மையே குழந்தை இறப்புக்குக் காரணம் என்று வசதி படைத்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆணின் கூலி குடும்பத்துக்குப் போதாத ஊரில் தாய் வேலைக்குப் போகாமல் இருப்பது எப்படி என்ற எளிய கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. வாக்கர் அறிவுரை கூறுவதோடு நின்றுவிடவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்குக் குறைந்த விலையில் சத்தான உணவு வழங்கும் உணவகங்களை 1906-இல் தொடங்கச் செய்தார். தாய் நன்றாக உண்டால்தான் குழந்தை பிழைக்கும் என்பதைக் கொள்கையாக மட்டுமன்றிச் செயலாகவும் காட்டிய முன்முயற்சி அது.

தெருவில் ஒலித்த குரல்

கூலி பெறும் பெண் குரலையும் பெறுகிறாள். டண்டீ ஆலைப் பெண்கள் துடுக்கானவர்கள், உரத்துப் பேசுபவர்கள் என்று நாகரிகச் சமூகம் முகம் சுளித்தது. கூலி குறைக்கப்பட்டால் அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களின் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்து, கைகோத்துப் பாடியபடி ஊர்வலம் போனார்கள். ஆண்கள் தலைமையேற்ற சங்கங்கள் இதை ஒழுங்கின்மை என்றன. ஆனால், அந்த ஒழுங்கின்மைக்குப் பணிந்து முதலாளிகள் கூலிக் குறைப்பைக் கைவிட்ட நேரங்களும் உண்டு. 1906-இல் உருவான சணல், ஆளித் தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் பெருமளவில் இணைந்தனர்.

டண்டீயின் நாடாளுமன்ற உறுப்பினராக 1908 முதல் 1922 வரை இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1908 இடைத்தேர்தலின்போது, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மேரி மலோனி என்பவர், சர்ச்சில் பேச வாய்திறந்தபோதெல்லாம் பெரிய மணியை அடித்து அவரைப் பேசவிடாமல் செய்தார். 1918-இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, சில நிபந்தனைகளோடு வாக்குரிமை கிடைத்தது. 1922 தேர்தலில் சர்ச்சில் டண்டீயில் தோற்றார். வென்றவர்களுள் ஒருவர் எட்வின் ஸ்கிரிம்ஜியர். மதுவிலக்குக் கொள்கைக்காகவே நின்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஒரே மனிதர் அவர்.

ஆலைப் பெண்களின் குரலைப் பாட்டாக்கியவர் மேரி புரூக்ஸ்பேங்க். 1897-இல் பிறந்த இவர், சிறுவயதிலேயே ஆலைக்குள் நுழைந்தார். பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்து போராடிச் சிறை சென்றார். கூலிக்கும் குழந்தைக்கும் நடுவே அல்லாடும் தாயின் நிலையைச் சொல்லும் இவரது சணல் ஆலைப் பாட்டு ஸ்காட்லாந்து முழுவதும் பரவியது. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவரில் இவருடைய வரிகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆதாயம் எங்கே போயிற்று?

ஆலை முதலாளிகள் நகரின் புகைக்கு எட்டாத பிராட்டி ஃபெரி கடற்கரையில் மாளிகைகள் கட்டிக்கொண்டனர். அவர்கள் நகரத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. டேவிட் பாக்ஸ்டர் 1863-இல் பூங்கா ஒன்றை வழங்கினார். மேரி ஆன் பாக்ஸ்டரின் பெருங்கொடையால் 1881-இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி உருவாயிற்று. ஆண் பெண் இருபாலரும் அங்கே கல்வி பெற வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தது போற்றத்தக்கது. ஜேம்ஸ் கேர்ட் அளித்த நிதியில் எழுந்த மாமன்றம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷாக்கிள்டன் அண்டார்டிகாவிலிருந்து தம் தோழர்களைக் காக்கக் கடல் கடந்த சிறு படகுக்கும் அவர் பெயர்தான் இடப்பட்டிருந்தது.

ஆயினும், ஆதாயத்தின் கணிசமான பகுதி ஊரைவிட்டு வெளியேறியது. 1873-இல் ராபர்ட் ஃபிளெமிங் டண்டீயில் தொடங்கிய முதலீட்டு அறக்கட்டளை, சணல் பணத்தை அமெரிக்க ரயில்வே பத்திரங்களில் இட்டது. 1882-இல் டண்டீயில் தொடங்கப்பட்ட மேட்டடார் நிறுவனம், டெக்ஸாஸில் பல லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை வாங்கியது. லாக்கீயின் ஈரம் கசியும் ஒற்றை அறை வீட்டில் உறங்கிய பெண்ணின் உழைப்பு, டெக்ஸாஸின் மாட்டு மந்தையாக மாறிற்று. அந்தப் பணத்தில் ஒரு பகுதி நல்ல வீடுகளுக்கும் மாற்றுத் தொழில்களுக்கும் செலவிடப்பட்டிருந்தால், பின்னர் வந்த வீழ்ச்சியின் கடுமை குறைந்திருக்கும்.

ஹூக்ளிக் கரையில் ஒரு போட்டி

அந்த வீழ்ச்சியின் விதை வெகு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1855-இல் ஜார்ஜ் ஆக்லண்ட் என்பவர், ஹூக்ளி நதிக்கரையில் ரிஷ்ரா என்ற இடத்தில் சணல் நூற்பு ஆலையைத் தொடங்கினார். இயந்திரங்கள் டண்டீயிலிருந்தே போயின. நார் விளையும் இடத்திலேயே ஆலை, டண்டீயைவிட மிகக் குறைந்த கூலி. விளைவை ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை. 20-ஆம் நூற்றாண்டு பிறப்பதற்குள் கல்கத்தா டண்டீயை முந்திவிட்டது.

கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இங்கே இருக்கிறது. கல்கத்தா ஆலைகளை நடத்திய மேலாளர்களிலும் மேற்பார்வையாளர்களிலும் பலர் டண்டீக்காரர்கள். சொந்த ஊரில் வேலை கிடைக்காத ஆண்கள், ஹூக்ளிக் கரையில் பணியாளர் சூழ வாழும் துரைகளாயினர். டைட்டாகர், சாம்நகர் போன்ற இடங்களில் ஆலைகளை நிர்வகித்த தாமஸ் டஃப் நிறுவனம் டண்டீயைச் சேர்ந்தது. ஆக, டண்டீயின் தொழிலை வீழ்த்தியதில் டண்டீயின் மூலதனத்துக்கும் பங்குண்டு. இந்தப் பக்கம் போட்டியைக் குறை சொல்லியவர்களுள் சிலர் அந்தப் பக்கம் ஈவுத்தொகையும் பெற்றனர்.

ஹூக்ளி ஆலைகளில் உழைத்தவர்களும் ஊர்விட்டு வந்த ஏழைகளே. பிகார், ஐக்கிய மாகாணம், ஒடிஸா ஆகிய பகுதிகளிலிருந்தும், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த கஞ்சம், விசாகப்பட்டினம் பகுதிகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். டண்டீக்கு அயர்லாந்து எப்படியோ, கல்கத்தாவுக்கு இந்த வறண்ட மாவட்டங்கள் அப்படி.

இந்நிலையில் டண்டீத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? இந்தியத் தொழிலாளியை எதிரியாகக் கருதி வெறுப்பது எளிது. அப்படி எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால், அவர்களது சங்கம் வேறொரு வழியையும் நாடியது. சங்கத்தின் செயலாளர் ஜான் சைம், டண்டீயின் நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் 1925-இல் இந்தியா வந்து ஹூக்ளி ஆலைகளை நேரில் பார்த்தனர். 1926-இல் வெளியான அவர்களது அறிக்கையின் தலைப்பே ‘இந்தியாவில் சுரண்டல்’ என்பதுதான். ஆலைகள் ஈட்டிய பெரும் ஆதாயத்தையும் தொழிலாளி பெற்ற சொற்பக் கூலியையும் அவர்கள் அருகருகே வைத்துக் காட்டினர். இந்தியத் தொழிலாளியின் கூலியும் வாழ்க்கையும் உயர்ந்தால்தான் டண்டீத் தொழிலாளிக்கும் பாதுகாப்பு என்பது அவர்கள் கண்ட முடிவு. அதில் தன்னலமும் கலந்திருக்கலாம். ஆயினும், இரு கண்டங்களின் ஏழைகளையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த பார்வை அது.

வீழ்ச்சியும் அதற்குப் பின்னும்

1930-களின் பொருளாதார மந்தத்தில் டண்டீ ஆலைகளில் பெருமளவு வேலையிழப்பு ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அரசு கொண்டுவந்த சணல் கட்டுப்பாடு, மலிவான இந்தியச் சரக்கு வந்து குவியாமல் தடுத்து, போருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் தொழிலைத் தாங்கிப் பிடித்தது. கல்கத்தாவுக்கும் சோதனை வந்தது. 1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவிலும், சிறந்த சணல் விளையும் வயல்கள் கிழக்குப் பாகிஸ்தானிலுமாகப் பிரிந்தன. 1960-களுக்குப் பிறகு பாலிபுரொப்பிலீன் இழை சாக்கிலும் தரைவிரிப்பின் அடித்துணியிலும் சணலின் இடத்தைப் பிடித்தது. டண்டீயின் கடைசிச் சணல் ஆலை 1990-களின் இறுதியில் மூடப்பட்டது.

போருக்குப் பின்னர் டண்டீக்கு வந்த புதிய தொழில்களுள் டைமெக்ஸ் கைக்கடிகார ஆலை முக்கியமானது. அங்கும் பெண்களே பெருமளவில் பணியாற்றினர். 1980-களில் சின்கிளேர் நிறுவனத்தின் சிறு கணினிகள் அங்கே பொருத்தப்பட்டன. ஆட்குறைப்பை எதிர்த்து 1993-இல் நடந்த கசப்பான வேலைநிறுத்தத்துக்குப் பின், அந்த ஆலையும் அதே ஆண்டு மூடப்பட்டது. சணல் போன வழியிலேயே கடிகாரமும் போயிற்று.

ஆனாலும், ஒரு விதை மிஞ்சியது. அந்தக் கணினிகள் டண்டீ வீடுகளில் புழங்கியதால், அவற்றில் நிரல் எழுதிப் பழகிய இளைஞர் தலைமுறை ஒன்று உருவாயிற்று. அவர்களில் சிலர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து ‘லெம்மிங்ஸ்’, ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ ஆகிய புகழ்பெற்ற கணினி விளையாட்டுகள் வெளிவந்தன. நகரின் அபெர்டே பல்கலைக்கழகம் 1997-இல் கணினி விளையாட்டுக்கெனப் பட்டப்படிப்பையே தொடங்கியது. 2018-இல் டே நதிக்கரையில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய ஆலைக் கட்டடங்கள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. 1833-இல் கட்டப்பட்ட வெர்டன்ட் ஆலை மட்டும் 1996 முதல் சணல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஓடும் தறியின் இரைச்சலை இன்றைய தலைமுறை அங்கே கேட்டறியலாம்.

எதை நினைவில் வைக்க வேண்டும்?

நகரங்கள் தம் வரலாற்றைக் கட்டடங்களின் பெயர்களில் எழுதிவைக்கின்றன. கொடையாளியின் பெயர் மன்றத்திலும் பூங்காவிலும் நிலைக்கிறது. அந்தக் கொடைக்கான பணத்தை ஈட்டித் தந்தவர்களின் பெயர் கூலிப் பதிவேட்டோடு மறைந்துபோகிறது. இந்தக் குறையைப் போக்க டண்டீ அண்மைக் காலத்தில் முயன்றுவருகிறது. நகரின் வரலாற்றில் இடம்பெற்ற பெண்களுக்கு நினைவுப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. முதிய ஆலைப் பெண்களின் நினைவுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. மன்னர்களின் ஆணைகளையும் முதலாளிகளின் கணக்கேடுகளையும் மட்டும் நம்பியிருந்தால் ஒருபோதும் கிடைத்திராத வரலாறு இது.

அதே வேளையில், அந்த நினைவு டண்டீயோடு நின்றுவிடக் கூடாது. சாக்கின் ஒரு முனையை டண்டீப் பெண் பிடித்திருந்தாள் என்றால், மறுமுனையை இடுப்பளவு நீரில் நின்று சணலை ஊறவைத்து நார் உரித்த வங்கத்து உழவர் பிடித்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. நாரின் விலையை உழவரும், கூலியின் அளவைத் தொழிலாளியும் தீர்மானிக்க முடிந்ததில்லை. அவ்விரண்டையும் தீர்மானித்தவர்கள் ஒரே கூட்டத்தினர்.

தொழில்கள் வரும், போகும். அது பொருளாதாரத்தின் இயல்பு எனலாம். ஆனால், தொழில் செழித்திருக்கும் காலத்தில் அதன் பயன் யாருக்குச் சேருகிறது, அது போன பின் எஞ்சியவர்களை யார் தாங்குகிறார்கள் என்பவை இயல்பாக நடப்பவை அல்ல. அவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். மலிவு என்ற ஒரே தகுதியைக் காட்டித் தொழிலை அழைக்கும் எந்த ஊரும், தன்னைவிட மலிவான ஊர் ஒன்று எங்கோ உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. உழைப்பவரின் திறனையும் நலத்தையும் கல்வியையும் வளர்த்துக்கொண்ட ஊருக்கே, ஒரு தொழில் போனாலும் இன்னொன்றைக் கட்டியெழுப்பும் வலிமை இருக்கும். இதை உணர டண்டீக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள், சால்வை போர்த்தி விடியலில் ஆலைக்கு நடந்த அந்தப் பெண்கள்தாம்.